ஜன்னல் தாங்கிய மாடி

எங்கள் வீட்டு மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருப்பது ஹாலை ஒட்டிய அறையின் ஜன்னல்தான் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில், கம்பெனியில் மெஷின்களைக் கழற்றி மாட்டிச் சம்பளம் வாங்குகிற ஒருவன் இதை மனதார நம்பினான். ஒரு மரச்சட்டமும் அதற்குள் விரல் தடிமனில் சில கம்பிகளும் சேர்ந்து, மேலே குடியிருக்கும் ஒரு குடும்பத்தையும், அவர்களுடைய கட்டில், பீரோ, ஃபிரிட்ஜையும், அதற்கும் மேலே நிரம்பி வழிகிற தண்ணீர்த் தொட்டியையும் மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்று.

அதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. மாடி கட்டுவதற்கு முன்னால் அந்த ஜன்னல் கதவை ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும். மாடி கட்டி முடித்த வருஷத்து மழையில் அது மூடவில்லை. தோளைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது. மேலே பாரம் ஏறியிருக்கிறது, கீழே சட்டம் நசுங்குகிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? "வெயில் காலத்துல லேசா மூடுதே, அப்ப மாடி இளைச்சிப் போயிடுதா?" என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் மதிக்கவில்லை. மழையில் மரம் ஊதும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயத்தைத் தேவையான நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொள்கிற பழக்கம்தான் எனக்கு இல்லை.

அந்த ஜன்னலைத்தான் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு வாசல் வைக்க வேண்டும் என்றாள் அவள்.

அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அந்த அறையில் அவள் பிளவுஸ் தைக்கிறாள். ஓசூரில் தையல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அவள் ஊரில் எப்படிக் கழுத்து வெட்டுவார்கள், கை எவ்வளவு இறக்குவார்கள் என்று உட்காரவைத்துக் கேட்டுத் தைக்கிறவள் எங்கள் லேஅவுட்டில் இவள் ஒருத்திதான். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனிப் பெண்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் துணிப்பையோடு நேராக வருவார்கள். வந்தால் அந்த அறைக்குப் போக ஒரே வழி எங்கள் ஹால். ஹாலில் ஒரே சோபா. சோபாவில் நைட் ஷிப்ட் முடித்த நான், லுங்கியோடு, வாயைப் பிளந்தபடி.

கேட் வரை வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தூங்கறாருபோல. அப்புறமா வரேன்க்கா" என்று போய்விடுவார்கள். அப்புறம் என்றால் அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருக்கிற கடை.

"நீங்க பெட்ரூம்ல படுக்கலாமில்ல?" என்றாள் மனைவி.

"அங்க ஃபேன் சத்தம் போடுது."

"உங்கள விடவா?"

அவள் விடவில்லை. "தீபாவளித் துணி வர்றதுக்குள்ள அந்த ரூமுக்குத் தனி வாசல் வேணும். இந்தத் தடவையும் எல்லாரும் கேட்டோட திரும்பிப் போனா, மிஷினக் கட்டி பரண்ல போட்டுட்டு நானும் உங்களாட்டம் சோபால படுத்துக்கறேன்."

சோபாவில் இரண்டு பேர் படுக்க இடம் கிடையாது. நான் மேஸ்திரியைத் தேடினேன்.

ஓசூரில் மேஸ்திரியைத் தேடுவது தனிப் பிழைப்பு. யாருக்குப் போன் போட்டாலும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில்தான் இருப்பார்கள். அங்கே எப்போதும் இவர்களுக்கு ஒரு சைட், அந்தச் சைட்டில் எப்போதும் இன்றைக்குத்தான் கான்கிரீட். ஒருவழியாக ஒருவர் அகப்பட்டார். எங்கள் வீட்டுக்குள் வரும்போதே ஒரு போனில் தெலுங்கும் இன்னொரு போனில் கன்னடமும் பேசிக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம் தமிழில் பேசினார். மூன்றிலும் சொன்னது ஒரே பொய்: நாளைக்கு வந்துவிடுகிறேன்.

ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். "சுலபமான வேல சார். ஜன்னல எடுத்துட்டு கீழ இருக்கற சொவத்த வெட்டிட்டா வாசல் ஆயிடுது."

"மேல லிண்டல் இருக்குதா?" என்றேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் தலைக்கு மேலே குறுக்கே போடுகிற கான்கிரீட் பட்டையைக் கேட்டேன். சுவரின் பாரத்தை அதுதான் வாங்கிக்கொள்ளும் என்பார்கள்.

"இக்கும் சார்."

"இருக்கும்னா?"

"ஊடு கட்டனவங்க போடாம உட்டுருப்பாங்களா?"

"கட்டுனது என் மச்சான்."

மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப ஒடச்சிப் பாத்தாதான் தெரியும்."

மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் போச்சம்பள்ளியில் இருக்கிறான். நான் ஷிப்டில் இருந்தபோதெல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். "கம்பி வாங்குனது நல்லா ஞாபகம் இருக்குது மாமா. போட்டதுதான் ஞாபகம் வரல" என்றான். அவன் சிரிக்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ட்யூப்லைட் மாற்ற ஏணியில் ஏறுவதென்றாலும் பர்மிட் வேண்டும், நாலு பேர் கையெழுத்து வேண்டும், சுற்றிலும் மஞ்சளும் கறுப்புமாக டேப் கட்ட வேண்டும். நான் சேஃப்டி கமிட்டியில் இருக்கிறவன். பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி வாசிக்கும்போது என் குரல்தான் கடைசி வரிசை வரை கேட்கும். டைல்ஸ் துடைக்கிறவர்களிடம்கூடப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டீர்களா என்று கேட்டு நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டவன். அப்படிப்பட்டவன் தன் சொந்த வீட்டின் சுவரை, லிண்டல் இருக்கும் என்கிற ஒரு வார்த்தையை நம்பி வெட்ட விடுவானா? "ஏற்பாடெல்லாம் முடிச்சிட்டுக் கூப்பிடறேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மேஸ்திரியை அனுப்பிவைத்தேன்.

அவருக்கு அதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது. அடுத்த வாரம் அவர் அத்திப்பள்ளியில் இருந்தார். அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை.

அந்த நாட்களில் கம்பெனி ஹாஸ்டல் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கென்று கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அளவு பார்க்க இரண்டு தரம் வந்தாளாம். இரண்டு தரமும் நான் சோபாவில். மனைவி என்னைத் திட்டவில்லை. உள்ளே உட்கார்ந்து துணி வெட்டினாள். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் ஹால் வரை வந்தது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மேஸ்திரி கடைசியில் வேலைக்கு ஒரு நாள் குறித்துச் சொன்னார். எனக்கு லீவு கிடைத்தது. முந்தின நாள் நான் மாடிக்குப் போனேன். மேலே குடியிருப்பவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். குடும்பத் தலைவருக்கு இரண்டு தெரு தள்ளி வேலை, மத்தியானம் சாப்பிட வந்துவிடுவார். அந்த வீட்டு அம்மாள்தான் கதவைத் திறந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது வெளிய போயிட்டு வந்திடுங்கம்மா" என்றேன். "கோயிலுக்குப் போங்க. இல்ல, பெங்களூரு சுத்திப் பாத்துட்டு வாங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு."

"வீட்டக் காலி பண்ணச் சொல்லுதியளோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. வீடு இருந்தா நீங்க தாராளமா இருக்கலாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அவுக மத்தியானம் சோறு திங்க வருவாவ. நான் கோயில்ல போய் உக்காந்துட்டா நீங்களா வந்து பொங்கிப் போடுவிய?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் கீழே என் மனைவியிடம் வந்து, வேறு வீடு பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"மேல போய் என்னத்த உளறிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

எனக்கு வேறு வேலை இருந்தது. ராயக்கோட்டை ரோட்டில் தெரிந்த மெக்கானிக்கிடமிருந்து லாரிக்கு முட்டுக் கொடுக்கிற ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். கைப்பிடியை அடிக்க அடிக்க ஏறுகிற சாதி. லோடு லாரியையே தூக்குகிற சாமான். பழைய இரும்புக் கடையில் தடித்த பைப் ஒன்றை அளவுக்கு வெட்டச் சொல்லி, தரையில் ஜாக்கி, ஜாக்கி மேல் பைப், பைப்புக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டு என்று ஜன்னலை ஒட்டி நிற்க வைத்தேன். மெஷினுக்கு அடியில் ஜாக்கி வைப்பது என் தொழில். ஜன்னல் கைவிட்டாலும் ஜாக்கி கைவிடாது. வெளியே கொய்யா மரத்திலிருந்து கேட் வரை மஞ்சள் கறுப்பு டேப்பையும் இழுத்துக் கட்டினேன். காலையில் பால் வாங்கப் போனவர்கள் நின்று, எவ்வளவு திருட்டுப் போனது என்று துக்கமாக விசாரித்தார்கள்.

மேஸ்திரி இரண்டு சித்தாள் பெண்களோடு வந்தார். வேலை தொடங்கும் முன் ஜன்னல் கட்டையில் மஞ்சள் குங்குமம் வைத்து, மனைவி கற்பூரம் ஏற்றினாள். மேஸ்திரி சுத்தியலையும் உளியையும் என் கையில் கொடுத்தார்.

"மொத அடி ஊட்டுக்காரருதான் போடணும் சார்."

எந்த ஜன்னல் என் வீட்டைத் தாங்குகிறது என்று வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேனோ, அதன் காலடியில் நானே அடிக்க வேண்டுமாம். நான் கம்பெனி ஹெல்மெட்டைத் தலையில் இறுக்கிக்கொண்டேன்.

"கற்பூரம் எரியுது. அதக் கழட்டிட்டுக் கும்பிடுங்க" என்றாள் மனைவி.

"கும்பிடறது மனசு. தலை எதுக்கு?"

"சாமி பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சாமி மேல செங்கல் விழப்போறதில்ல."

கண்ணை மூடிக்கொண்டு உளியில் ஒரு தட்டுத் தட்டினேன். சுண்ணாம்புகூட உதிரவில்லை. மூத்த சித்தாள் இடுப்பில் கைவைத்தாள். "என்னா சார், கதவத் தட்டறாப்பல தட்டறீங்க? உள்ள யாருனா இக்கறாங்களா?" மற்றவள் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தெலுங்கு தெரிந்த என் மனைவியும் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, அது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மேஸ்திரி ஜன்னலுக்கு மேலே பூச்சைச் சுரண்டினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாம்பல் நிறத்தில் கான்கிரீட் பட்டை தெரிந்தது. "பாத்துக்குங்க. ஒங்க மச்சான் போட்டுத்தான் இக்கறாரு."

அதோடு நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். பயம் அப்படி வந்த வழியே போகிற விருந்தாளி இல்லை. "சரி, அதுக்குள்ள கம்பி இருக்குதா?" என்றேன்.

"அதையும் ஒடச்சிப் பாக்கட்டுங்களா?" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது.

வெட்டுகிற மெஷின் ஓட ஆரம்பித்தது. அறை முழுவதும் செம்புழுதி. தையல் மெஷினைப் போர்வையால் மூடி மூலையில் தள்ளியிருந்தோம். வெட்டுகிற மெஷின் சுவரைத் தொடும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. தரை அதிர்ந்தபோதெல்லாம் நான் ஜாக்கியின் கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினேன். அதிகமில்லை. மனசுக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான். ஜன்னலைச் சட்டத்தோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் காம்பவுண்டில் சாய்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கூரை என்னைப் பார்த்தது. ஓர் அழுத்து. கீழ்ச்சுவரில் ஒரு வரிசைச் செங்கல் போனது. ஓர் அழுத்து. இன்னொரு வரிசை. இன்னொரு அழுத்து. கைப்பிடி முன்னைவிட இறுக்கமாக இருந்தது. பாரம் இறங்குகிறது, ஜாக்கி வாங்கிக்கொள்கிறது, நல்லவேளை நான் இருந்தேன் என்று நினைத்தேன்.

தலைக்கு மேலே டக் என்றது.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். மறுபடியும் டக். அதற்குப் பின்னால் மேல்வீட்டு அம்மாளின் குரல்: "ஏ யம்மா!"

"வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். எல்லாரையும் வெளியேற்றிவிட்டுக் கடைசியில் வெளியேற வேண்டும் என்று வருஷாவருஷம் உரக்க வாசிக்கிற நான், தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோது எனக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. பிறகு சித்தாள்கள் வந்தார்கள். மேஸ்திரி வந்தார். டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி மனைவி வந்தாள். மாடியிலிருந்து அந்த அம்மாள் கரண்டியோடு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, அடுப்படியில தரை வெடிச்சிட்டு! டைல்ஸ் கல்லு கூடாரம் கணக்கா எந்திரிச்சு நிக்கி!"

மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "சொன்னேனா இல்லையா? ஜன்னல் போச்சு. மாடியும் போச்சு" என்றேன்.

மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. மூன்று மொழிக்காரருக்கு ஒரு மொழியும் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நா லிண்டல் மேல கையே வெக்கல சார். எதுக்கும் வேலய நிறுத்திக்கலாம். செங்கல் வெச்சி அடச்சி, பழைய ஜன்னலயே மாட்டிக் குடுத்துடறேன்."

"அதான் சரி. அடச்சிடுங்க" என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. காம்பவுண்டில் சாய்ந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஓட்டை வழியாக, போர்வை மூடிய அவளுடைய தையல் மெஷின் தெருவுக்குத் தெரிந்தது. அது அன்றைக்கு உள்ளேயே அடைபட்டால் பிறகு பரணுக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அடைத்துவிடுங்கள் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அவள் மேல்வீட்டு அம்மாளிடம் கேட்டாள். "கல்லு கீழ இறங்கியிருக்குதாக்கா, மேல தூக்கியிருக்குதா?"

"மேலதான். காலு தட்டுது பாரு."

மனைவி வடிகட்டியைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சொவத்த எடுத்தா தரை கீழதான போவணும்? மேல எப்படிங்க போவும்?"

அந்த வீட்டில் எதையாவது மேலே தள்ளக்கூடிய சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனுடைய கைப்பிடிக் கிரீஸ் என் உள்ளங்கையில் கறுப்பாக இருந்தது. நான் கையை லுங்கியில் துடைத்தேன். துடைத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். ஜாக்கியின் தண்டு நான் நினைத்ததைவிட வெகு உயரத்துக்கு ஏறியிருந்தது. பலகைத் துண்டு கூரையில் பதிந்து, சுற்றிலும் பூச்சு நட்சத்திரம்போல் விரிந்திருந்தது. லாரியைத் தூக்குகிற சாமானை வைத்து நான் காலையிலிருந்து மேல்வீட்டு அடுப்படியைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுத்தத்தை இறக்குகிற திருகைத் திறந்தேன். ஜாக்கி பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. பைப் தளர்ந்து ஆடியது. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த மூத்த சித்தாள் கேட்டாள்: "ஊட்டத் தூக்கினு எங்க சார் போலாம்னு இருந்தீங்க? அத்திப்பள்ளிக்கா?"

அதற்குப் பிறகு மேஸ்திரிக்கு மூன்று மொழியும் திரும்ப வந்துவிட்டது. போனில் யார் கூப்பிட்டாலும் அந்தந்த மொழியில் என் கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே மீதிச் சுவரை வெட்டி முடித்தார். சாயங்காலம் நிலவு வைத்தோம். கதவு நிற்கிற மரச்சட்டத்தைத்தான் எங்கள் பக்கத்தில் நிலவு என்போம். அதை நிறுத்தும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் தலையில் மஞ்சள் துணி கட்டி, பூ சுற்றி, அடியில் நவதானியம் போட்டார்கள். ஹெல்மெட்டை நானாகவே கழற்றி வைத்துவிட்டேன். சட்டம் நேராக நிற்கிறதா என்று சற்று அழுத்திப் பார்த்தேன்.

"சும்மா புடிச்சிக்கினு நில்லுங்க. எதையும் அழுத்தாதீங்க" என்றாள் மனைவி.

நடந்தது இதுதான். சுவரை வெட்டியதால் வீட்டில் எதுவும் அசையவில்லை. மேல்வீட்டு அடுப்படியில் டைல்ஸை உடைத்தவன் நான். ஆள் வைத்து மாற்றிக் கொடுத்தேன். மேஸ்திரி புது வாசலுக்கு வெளியே படி கட்டாமலே அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார். அதனால் கொஞ்ச நாள் கம்பெனிப் பெண்கள் சிமெண்ட் கல்லை அடுக்கி, அதன்மேல் ஏறி அந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள். தீபாவளித் துணி வந்தது. மனைவி தைத்துக் கொடுத்தாள்.